பெயர் எழுதிய பெட்டி

அந்த அம்மாவின் வலக்கை கைப்பைக்குள் போனதும் சிவானந்தன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். காட்சிப் பொருள்கள்மேல் சாயம் ஊற்ற வருகிறவர்கள் பையோடுதான் வருவார்கள் என்று மியூசியக் காவலர்களுக்கு அன்று காலைதான் வகுப்பு நடந்திருந்தது.

அந்த அம்மாவை அவர் ஏற்கெனவே கவனித்து வைத்திருந்தார். எகிப்துக் கண்காட்சி லண்டனுக்கு வந்த நாளிலிருந்து வாராவாரம் வருகிறார். தங்க முகமூடியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நேரே கடைசி அறைக்குப் போய், நெபுரே மன்னனின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று அழுவார். என்றைக்கோ செத்துப்போன ராசாவுக்கு இவ்வளவு கண்ணீரா என்று சிவானந்தன் சக காவலர்களிடம் கேலிகூடச் செய்திருக்கிறார்.

"ஐயோ, என்ர ராசா" என்ற முனகலிலேயே அவரும் தன் ஊர்ப் பக்கத்தவர்தான் என்று தெரிந்தது.

"அம்மா, பைக்குள்ள என்ன?"

"பூ, தம்பி." கசங்கிய செவ்வந்திகளைக் காட்டினார். "நாளைக்குப் பெட்டியைத் திருப்பிக் கொண்டு போகினமாம். இண்டைக்கு ஒருக்கா வைக்க விடுங்கோ."

"ஏலாதம்மா, என்ர வேலை போயிடும். அதோட, இதுக்குள்ள இருக்கிறது ராசாவே இல்லை. பெட்டியில பேர்தான் அவற்ர பேர். கள்ளர் அரச மயானத்துக்குள்ள பூந்து, நகைக்காக ராசாவை இழுத்து எறிஞ்சிட்டாங்கள். பிறகு வந்த பூசாரிமார் ஆரோ ஒரு பெடியன்ர உடம்பை மாறி வைச்சு மூடிட்டினம். ஸ்கான் பண்ணித்தான் கண்டுபிடிச்சவை."

"தெரியும் தம்பி. அதாலதான் வாறன்."

சிவானந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த அம்மாவைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தார். தன் பெயர் நகுலேஸ்வரி, லண்டனிலேயே ஸ்ட்ரெதத்தில் வீடு, பிள்ளை வெளியில் காரோடு நிற்கிறது என்றார்.

"என்ர மகன் கௌசிகன் இயக்கத்துக்குப் போனவன். முல்லைத்தீவுச் சண்டை முடியப் பெட்டி வந்தது. சீல் வைச்சிருக்கு, திறக்கக் கூடாதெண்டிட்டினம். முகம் பாக்காமத்தான் தாட்டம். கல்லில அவன்ர பேரை வெட்டியிருந்தவை. கார்த்திகைக்குக் கார்த்திகை போய் விளக்கேத்துவன்."

"இப்ப?"

"ஆமிக்காரர் வந்து கல்லறை எல்லாத்தையும் புல்டோசர் விட்டுக் கிளறிப் போட்டாங்கள். கல்லும் இல்லை, எலும்பும் இல்லை. அங்க களவெடுக்க ஒரு குண்டுமணி நகைகூட இல்லை, தம்பி."

கேலி செய்ததை நினைத்துச் சிவானந்தன் வெட்கப்பட்டார். நல்லவேளை, வெளியில் இன்னொரு பிள்ளையாவது மிஞ்சியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

"உங்களுக்குக் கொஞ்சக் காலமாவது ஒரு கல் இருந்தது அம்மா. என்ர தம்பி சஞ்சயனும் போனவன்தான். ஒரு செய்தியும் இல்லை. எங்கட அம்மா வாசல் படலையைப் பாத்தபடி கிடந்துதான் கண்ணை மூடினவ."

நகுலேஸ்வரியின் அழுகை சட்டென்று நின்றது.

"எந்தச் சண்டையில, தம்பி?"

"அதே முல்லைத்தீவில எண்டுதான் கேள்வி."

அவர் சிவானந்தனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூக்கள் முழுவதையும் அவருடைய உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"அப்ப, இதை நீங்களே வையுங்கோ."

மேலே கமரா பார்த்துக்கொண்டிருந்தது. வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது அவருக்கு. கண்ணாடிக்குக் கீழே குனிந்து பூக்களை வைத்தபோது, தம்பிக்கு என்று இதுவரை ஒரு பூக்கூட வைத்ததில்லை என்ற நினைப்பு வந்து கண்கள் நிறைந்தன.

நரை விழுந்த ஒருவர் ஒரு காலை இழுத்தபடி உள்ளே வந்தார். "அம்மா, காரை எடுக்கச் சொல்லுறாங்கள். வாங்கோ."

சிவானந்தன் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். "அம்மாவைத் தனிய விடாதேங்கோ. கௌசிகனை நினைச்சு நல்லா உடைஞ்சு போனா."

வந்தவர் தாயைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்குக் கீழே கிடந்த பூக்களைப் பார்த்தார்.

"நான்தான் அண்ணை கௌசிகன். எங்கட வீட்டுக்குப் பெட்டியில வந்தது வேற ஆரோ பெத்த பிள்ளை, ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது."