ஸ்பீக்கர் காந்தம்

சோளக்காடு என்ற மலையூரில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அர்த்தனாரி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, கொண்டை ஊசி வளைவில் இழுத்தபடி நடந்தார். புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஆசிரியர் இமானுவேல் பைக்கை நிறுத்தினார்.

“என்னங்க தேடுறீங்க?”

“ஆணிங்க சார். பஞ்சர் கடை வச்சிருக்கேனுங்க. தெனமும் வந்து பொறுக்குவேன்.”

“இந்தப் பழைய காந்தம் இழுக்குதா?”

“ஆறு வருசமாச்சுங்க. இழுவை கொஞ்சமும் கொறையல.”

“பஞ்சர் கடைக்காரரே ஆணி பொறுக்குறீங்க! இந்த மனசு யாருக்குங்க வரும்?”

அர்த்தனாரி காந்தத்தில் ஒட்டியிருந்த துருப்பிடித்த ஆணியைப் பிய்த்தெடுத்துப் பையில் போட்டார்.

“எம் மவளைப் பிரசவத்துக்கு ஏத்திட்டுப் போன ஆம்புலன்ஸ் இங்கதான் பஞ்சராகி நின்னுச்சுங்க. மவ பொழைக்கல.”

இமானுவேலுக்குக் கோபம் வந்தது. “எந்தப் பாவி போட்ட ஆணியோ!”

“நாந்தானுங்க. போட்டது அம்பது. இன்னும் மூணு கெடைக்கல.”