கெதார்சே

பிலோமியை ஸ்பெயினுக்கு அழைத்துவந்து, ஒரு வீட்டில் மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை வாங்கித் தந்தவள் ஊர்த்தோழி செல்சி. தன் அறையிலேயே இடம் கொடுத்து, ஸ்பானிஷ் பாஷையும் சொல்லிக்கொடுத்தாள்.

"எட்டி, கெதார்சேன்னா கெளம்பிப் போறது."

ஒரு மாதம் கழித்து மூதாட்டியின் மகன் அந்தச் சொல்லை வைத்து ஏதோ கேட்டான். போகச் சொல்கிறான் என்று பதறிய பிலோமி, "நோ, நோ" என்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். அவன் முகம் வாடிவிட்டது. மறுவாரம் அவளுக்குப் பதிலாக அதே வீட்டில் செல்சி வேலைக்குச் சேர்ந்தாள்.

"அவியளுக்கு ஒன்னப் பிடிக்கல்லட்டி" என்றாள். பிலோமி நம்பினாள்.

பிறகு சர்ச்சில் நடந்த இலவச வகுப்பில், ஆசிரியை அந்தச் சொல்லைப் பலகையில் எழுதினாள். தங்கிவிடுவது என்று அர்த்தம். அதோடு 'கோன்' என்ற சொல்லைச் சேர்த்தால், ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொள்வது.

பிலோமி வாசலைக் கைகாட்டி, திக்கித் திக்கிக் கேட்டாள்.

"போறது இல்லையா?"

"இல்லை, தங்குவது. 'கோன்' சேர்த்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள்."

பிலோமி எழுந்து, திக்காமல் அந்தப் பாஷையிலேயே சொன்னாள்: "என் வேலையைச் செல்சி வைத்துக்கொண்டாள்."

"பிழையே இல்லை!" என்று ஆசிரியை கைதட்டினாள். வகுப்பே தட்டியது.

அன்றைக்கும் அவள் திரும்ப வேண்டியது செல்சியின் அறைக்குத்தான்.