கழுவாத குழல்

"கழுவித்தான் தருவீங்களா, இல்ல நாங்களே கழுவிக்கணுமா?"

புல்லாங்குழலை இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டார் வீரய்யா. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"கழுவக் கூடாது. தண்ணி பட்டா மூங்கில் வெடிச்சிரும்" என்றாள் இளமதி.

"அடுத்தவன் வாய் வச்சதாச்சே தாயி. எச்சி."

"அப்படின்னா புதுசு வாங்கியிருக்கணும்."

வெடுக்கென்று சொன்னாள். அவர் கோபப்படவில்லை. கோபப்படுகிற நிலையில் இல்லை. ஆலங்குடிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, புதுக்கோட்டையில் இந்த மாடி வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்திருந்தார்.

"புதுசு வாங்கித் தர்றேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பாப்பா கேக்க மாட்டேங்குது. பழகுன குழல்லதான் நாதம் வருமாம். அதுவே அவ அம்மா போன்ல தேடி ஒங்க நம்பரைக் குடுத்துச்சு. வீட்ல கெடந்ததை நான்தான் ஒரு கோவத்துல ஒடிச்சுப்புட்டேன்."

"என்ன கோவம்?"

"அது வீட்டு விசயம்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "காலேஜ் முடிச்ச புள்ள. ரெண்டு மாசமா சோறு எறங்கல, பேச்சும் இல்ல. காத்து கருப்பு அண்டியிருக்குன்னு கோடாங்கியக் கூப்புட்டு உடுக்கை அடிச்சும் பாத்தாச்சு. இப்பத்தான், பழைய குழல் ஒண்ணு வாங்கித் தந்தா சாப்புடுறேன்னு வாயத் தொறந்துருக்கு."

பட்டம் வாங்கிய பெண்ணுக்கு உடுக்கை அடித்திருக்கிறார்கள். இளமதி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஆமா, ஒங்களுக்குச் சொந்த ஊரு எது? எந்தத் தெரு?"

ஊரையும் தெருவையும் சொன்னால் போதும். மீதியை அவர்களே தெரிந்துகொள்வார்கள். அதற்குத்தான் அந்தக் கேள்வி. உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் குழலைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார். அங்கே ஒரு பெண் இன்றைக்கும் சாப்பிடமாட்டாள்.

"இதே ஊருதான். மேல ராஜவீதி" என்று பொய் சொன்னாள்.

அவர் முகம் தெளிந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "ஒரு டம்ளர் தண்ணி குடு தாயி."

குடித்துவிட்டுக் கேட்டார். "இதை யாரு வாசிச்சது?"

"என் தம்பி."

"இப்ப வாசிக்கிறதில்லையா?"

"இங்க இல்ல."

"துபாயா, சிங்கப்பூரா?"

"திரும்பி வரமாட்டான்."

"எல்லாப் பயலும் அப்படித்தான் சொல்லிட்டுப் போறான். ஒரு பொண்ணப் பாத்து வச்சுக்கிட்டுச் சொல்லியனுப்புங்க, மறுநாளே வந்து எறங்குவான்." தன் பேச்சுக்குத் தானே சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

அவர் வீட்டுக்குப் போன் போட்டார். "ராஜலட்சுமி, பாப்பாகிட்டக் குடு." ஸ்பீக்கரை அழுத்தினார்.

"அப்பா" என்றது ஒரு மெல்லிய குரல்.

"குழல் கையில இருக்குத்தா. என்ன பாக்கணும், சொல்லு."

"வெளிச்சத்துல புடிச்சு உள்ள பாருங்கப்பா. விரிசல் இருக்கா?"

ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இல்லத்தா."

"நூல் கட்டு?"

"ஒரு பக்கம் செவப்பு, ஒரு பக்கம் பச்சை."

"பச்சை தளர்ந்திருக்கா?"

நகத்தால் நெருடினார். "இல்ல, இறுக்கமாத்தான் இருக்கு."

அவர் போனைக் காதருகே கொண்டுபோனார்.

"ஆத்தா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். ஊதுற துளைகிட்ட எப்படியிருக்கு?"

"ஒரு ஓரமாத் தேஞ்சு கறுத்துப் போயிருக்கு."

"இருக்கட்டும்ப்பா. நல்லா வாசிச்ச குழல் அப்படித்தான் இருக்கும்."

"நான் வேணா ஒரு தடவை ஊதிப் பாக்கவா?" குழலை உதட்டருகே கொண்டுபோனார்.

"அப்பா! வாய் வைக்காதீங்க!"

இளமதியே திடுக்கிட்டாள். வீரய்யாவோ பூரித்துப்போனார். போனைப் பொத்திக்கொண்டு சொன்னார். "பாத்தியா தாயி, சுத்தபத்தத்துல அப்படியே என்னைய உரிச்சு வச்சிருக்கு. எம்புட்டு நாளைக்கப்புறம் சத்தமாப் பேசுது!" அவர் கண் கலங்கியிருந்தது.

பிறகு போனில், "வீட்ல வெந்நீர்ல மஞ்சளைப் போட்டுக் கழுவித் தர்றேன்த்தா" என்றார்.

"வேணாம்ப்பா. கழுவுனா வெடிச்சிரும். துணியில சுத்தி அப்படியே கொண்டாங்க. எண்ணெயெல்லாம் நான் போட்டுக்கிறேன்."

இளமதி ஒரு மெல்லிய பருத்தித் துணியை எடுத்து வந்து குழலைச் சுற்றினாள். குழந்தையைச் சுற்றுவதுபோல மெதுவாகச் சுற்றினாள்.

"வெயில்ல வைக்கக் கூடாது. குச்சியில துணி சுத்தி, நல்லெண்ணெய் தொட்டு உள்ளுக்கு மட்டும் விட்டு எடுக்கணும். வெளியில தொடைக்க வேணாம்." துணியின் நுனியை முடிச்சிட்டாள்.

"எங்க வீட்டுப் புள்ள மாதிரி பாத்துக்கிறோம். தம்பி பேசுனா சொல்லுங்க, நல்ல எடத்துக்குத்தான் போயிருக்குன்னு."

பணத்தை வைத்துவிட்டு, குழலை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். அவர் தெருமுனை திரும்பும்வரை இளமதி ஜன்னலில் நின்றாள். பிறகு அலமாரிக்குள் கவிழ்த்து வைத்திருந்த தம்பியின் படத்தை எடுத்து, மாலையைச் சரிசெய்து, ஆணியில் மாட்டினாள்.

அவள் போன் அடித்தது. அதே மெல்லிய குரல், இப்போது கிசுகிசுப்பாக.

"கெளம்பிட்டாரா அண்ணி?"

"கெளம்பிட்டாரு. நீ மொதல்ல சாப்புடு."

"சாப்புடுறேன்." கொஞ்ச நேரம் விசும்பல் மட்டும் கேட்டது. "உங்க தம்பியக் கிணத்துல தள்ளுன அதே கையால, எங்கப்பா அதை எனக்குக் கொண்டாந்து தரப்போறாரு அண்ணி."