கோட்டை வாசலில் என் வீட்டுக்காரர்

தரங்கம்பாடியில் சாயங்காலமானால் பேய் பார்க்கக் கூட்டிப் போகிறார்கள். ஊரில் செத்தவர்களை ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் உருவமாக நிற்க வைத்து, வருகிறவர்களோடு பேச வைக்கிறது. டேனிஷ் கோட்டை வாசலில் நிற்கிற பேய் என் வீட்டுக்காரர் மாசிலாமணி. அங்கே வாட்ச்மேனாக இருந்தவர். செல்போனில் பதிவாகிக் கிடந்த அவர் பேச்சையெல்லாம் கம்பெனிக்குக் கொடுத்தவன் என் மகன்.

போய்ப் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு ரெஜினா, "உங்க வீட்டுக்காரர் என்ன தங்கமா பேசுறார்க்கா!" என்றாள். தங்கமாம்! எனக்கு வயிறு எரிந்தது. அவரை அங்கிருந்து எடுக்கச் சொல்லிச் சண்டை போடத்தான் இன்றைக்கு நானும் கூட்டத்தோடு போனேன்.

ரெஜினா சொன்னது நிஜம்தான். "பார்த்து வாங்கம்மா, படி வழுக்கும். என் கையைப் பிடிச்சுக்கங்க" என்று ஒரு சென்னைக்காரியிடம் கையை நீட்டினார். அவள் சிரித்துக்கொண்டே அந்த வெளிச்சத்துக்குள் விரலை விட்டாள். என்னோடும் இதே படியில் ஏறியிருக்கிறார். ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருப்பாரா?

"எனக்கும்தான் வழுக்குது" என்று பின்னாலிருந்து கத்தினேன்.

என் குரலைக் கேட்டதும் பேய் திரும்பியது. முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஏய், வீட்டைப் பூட்டினியா, இல்ல திறந்து போட்டுட்டு வந்துட்டியா?"

எல்லோரும் திகைத்துப்போனார்கள். சென்னைக்காரி என் தோளைத் தொட்டு, "ஏங்க, உங்ககிட்ட மட்டும் இப்படி எரிஞ்சு விழறார்?" என்று பாவப்பட்டுக் கேட்டாள்.

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

"உங்ககிட்ட எதுக்கும்மா எரிஞ்சு விழப் போறார்? பொண்டாட்டி நான்தானே!"