கணையம் எடுத்த வீடு

சுடலைக்கண்ணன் வீட்டில் கணைய ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும், கடையைச் சாத்திவிட்டுப் புதுக்கோட்டைக்கு ஓடினார் சிவனணைந்தபெருமாள்.

கட்டிலில் போர்வைக்குள் முனகிக்கொண்டு கிடந்தான் சுடலைக்கண்ணன்.

"ஏலே, வயித்தக் கிழிச்சிட்டாவளா?"

"இல்ல அண்ணாச்சி. சின்னச் சின்ன ஓட்டைதான். அதுவழியா கேமராவ உள்ள விட்டு, கணையத்தை முழுசா எடுத்துட்டாவ. நெனச்சாலே தல சுத்துது."

"எம்புட்டுப் பாடுபட்டியோ!" பெருமாளுக்குக் கண் கலங்கியது.

"என் பாடு யாருக்கு அண்ணாச்சி தெரியுது?" என்றபடி தலையணைக்கு அடியிலிருந்து ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டான் சுடலைக்கண்ணன்.

பெருமாள் பதறிப்போய் அவன் கையைப் பிடித்தார். "கிறுக்கா! கணையம் இல்லாதவன் இனிப்பத் திங்கலாமாலே?"

"அவருக்கு இருக்கு அண்ணாச்சி," என்றாள் டீ கொண்டுவந்த அவன் மனைவி முத்துக்கனி. "எடுத்தது எனக்கு. நான் எந்திரிச்சு நடமாடுதேன். டாக்டரு இவருக்கு ஆபரேஷன் வீடியோவப் போட்டுக் காட்டுனாரு. அன்னைக்கு மயங்கி விழுந்தவரு இன்னும் எந்திரிக்கல."

பெருமாள் டீத்தட்டை வாங்கிக்கொண்டு அவளை உட்காரவைத்தார். பிறகு போர்வையை உருவினார். "ஏலே, எந்திரி! இனிமே சமையல் நீதான்."

"ஐயோ அண்ணாச்சி, அடுக்களையில அருவாமனை இருக்கே!" என்று அலறிய சுடலைக்கண்ணன் மறுபடியும் மயங்கிச் சாய்ந்தான்.