சனிக்கிழமைக் கோளாறு

“மறுபடியும் புட்டுக்கிச்சு. வந்து என்னன்னு பாருங்க.”

போனில் மனைவியின் குரல் வந்தபோது அவன் ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, செருப்பில் ஒரு காலையும் நுழைத்திருந்தான்.

“இன்னைக்கா? எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கே,” என்று பிகு பண்ணிக்கொண்டே இன்னொரு காலையும் நுழைத்தான்.

மூன்று மாதமாக அக்கா வீட்டு சோபாதான் அவனுக்குப் படுக்கை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மனைவி தவளை ஆராய்ச்சிக்காரி. பதிவு செய்த சத்தத்தை வைத்து, கத்துவது எந்தத் தவளை என்று சொல்லும் மென்பொருள் ஒன்று அவளிடம் இருந்தது. இவனுக்கோ எதையாவது புதுசாக்காவிட்டால் கை அரிக்கும். ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில், பெரிய உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு, அவள் கணினியிலிருந்த பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பைத் தூக்கிவிட்டுப் புதுசைப் போட்டுவைத்தான். அந்த மென்பொருள் பழசில் மட்டும்தான் ஓடும். கட்டுரை அனுப்ப வேண்டிய கடைசி நாளில் ஒரு தவளையும் வாயைத் திறக்கவில்லை.

“இனிமே என் சாமான் எதையும் தொடாதீங்க,” என்றாள் அவள். “அப்ப நான் எதுக்கு இங்க?” என்று இவன் வீராப்பாகக் கிளம்பிவிட்டான். அன்றிலிருந்து திரும்பி வர ஆசைதான். ‘வந்துடுங்க’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! அவள் கூப்பிட்டதெல்லாம், சனிக்கிழமை தோறும் அந்த மென்பொருளைச் சரி பண்ணிவிட்டுப் போகத்தான்.

மகளுக்குத் துணையாக வந்து தங்கியிருந்த மாமனார் கதவைத் திறந்தார். “வாங்க மாப்பிள்ளை,” என்றுவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஹால் மேஜையில் கணினி. திரை நிறைய சிவப்பு எழுத்தில் பிழைச் செய்திகள்.

“என்னவாம் அதுக்கு?” என்றான், ஒன்றும் தெரியாதவன் போல.

“பழைய பைத்தான்தான் வேணுமாம். சரின்னு பழசைப் போட்டா, கணக்குப் போடுற பேக்கேஜ் புதுசுதான் வேணும்னு அடம் பிடிக்குது. அதையும் பழசாக்கினா, படம் வரையுற பேக்கேஜ் கோவிச்சுக்குது.”

“பைத்தான்னா மலைப்பாம்புதானேம்மா?” என்றார் மாமனார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். “பாம்பை உள்ள விட்டுட்டு, தவளை கத்தலையேன்னா எப்படி?”

“அப்பா, சும்மா இருங்க.”

“போன வாரம்தானே எல்லாத்தையும் ஒத்துப்போற மாதிரி பழசாக்கிக் குடுத்தேன்?” என்றான் அவன்.

“அதான் எனக்கும் புரியல. எப்படித்தான் தானா மாறுதோ!”

அவன் முகத்தைத் திரைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். தானாக எங்கே மாறுகிறது? வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லாம் புதுப் பதிப்புக்கு மாறிவிடும்படி கணினிக்குள் ஒரு வரிக் கட்டளையை எழுதிவைத்துவிட்டுப் போவது சாட்சாத் இவன்தான். இல்லாவிட்டால் சனிக்கிழமை யார் கூப்பிடப் போகிறார்கள்? மாட்டிக்கொண்டால் இந்த வீட்டு வாசலை மறந்துவிட வேண்டியதுதான்.

“காபி போடறேன்,” என்று அவள் சமையலறைக்குப் போனாள். அவன் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தான்.

கொர்ர்... கொரக். டிங்!

அவன் கை அப்படியே நின்றது. ஒரு தவளையை அடையாளம் கண்டதும் அந்த மென்பொருள் அடிக்கும் மணி அது. ஆனால் இந்தக் கணினியில்தான் இன்னும் ஒன்றுமே ஓடவில்லையே!

கொரக், கொரக். டிங்! டிங்!

சத்தம் படுக்கையறையிலிருந்து வந்தது. மாமனார் பதறிப்போய் ரிமோட்டைத் தேடி எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார். செய்தி வாசிப்பவர் வீடு அதிர அலறினார்.

அவன் எழுந்து போய்க் கதவைத் தள்ளினான். கட்டில் ஓரத்தில் புத்தம் புதுக் கணினி ஒன்று. அதில் பழைய பைத்தான், அதற்கேற்ற பழைய பேக்கேஜ்கள், எல்லாம் கச்சிதமாக ஓடிக்கொண்டிருந்தன.

பின்னால் காபியோடு வந்து நின்றாள் மனைவி.

“இதெல்லாம் யார் பண்ணினது?”

“நான்தான். நீங்க எழுதிவெச்ச அந்த ஒரு வரியை ரெண்டாவது வாரமே பார்த்துட்டேன். அன்னைக்கே இதை வாங்கிட்டேன்.”

அவன் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தான். “அப்ப... ஹால்ல இருக்கிறது?”

அவள் காபியை அவன் கையில் திணித்தாள்.

“அதுவா? வாரா வாரம் நீங்க வந்து கெடுத்துட்டுப் போக வீட்டுல ஒண்ணு வேணும்ல?”