ஸ்டிக்கர் ஒட்டிய கூரை

“பெயின்ட் அடிங்க காக்கா. இதுக்கு ஸ்டிக்கர் சரிவராது.”

என் காரின் கூரையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு ஸப்ரி சொன்னான். கல்முனையில் வாகனங்களுக்குப் பெயின்ட்டும் அடிப்பான், ஸ்டிக்கரும் ஒட்டுவான். எங்கள் தெருப் பொடியன்தான்; அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்பான்.

“ஏன் சரிவராது?”

“அடியில கறள் இரிக்கி. கடல் காத்து தகரத்தத் திண்டிரிச்சி. மேலால ஸ்டிக்கர் ஒட்டினா வழுக்கத் தலைக்குத் தொப்பி போட்ட மாதிரி. பார்க்க மாப்பிள்ளதான். ரெண்டு மூணு மாசத்துல கொப்புளம் கொப்புளமா எழும்பிரும்.”

“பெயின்ட் எண்டா எத்தின நாள்?”

“கறளச் சுரண்டி, ஓட்டை விழுந்த இடத்துக்குத் தகரம் வெச்சி ஒட்டி, பட்டி பூசிக் காயவிட்டு... ரெண்டு கிழமை போகும்.”

“ஸ்டிக்கர்?”

“நாளண்டைக்குத் தரலாம்.”

“அப்ப ஸ்டிக்கர் ஒட்டு. கறுப்பு.”

ஸப்ரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். “விக்கப் போறீங்க என்ன?”

விற்கத்தான் வேண்டியிருந்தது. என் மனைவி றஹீமாவுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வர ஏழு மாதம் ஆகும் என்றார்கள். அவ்வளவு காலம் தாங்காது என்றார் டாக்டர். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அடுத்த வியாழன் நாள் குறித்தாயிற்று. விற்பதற்கு அந்தக் கார் ஒன்றுதான் மிச்சம். கறளை, அந்தத் துருவைக் காட்டி விற்றால் பாதி விலைக்கும் போகாது.

இதெல்லாம் ஸப்ரிக்குத் தெரியும்.

“கோவிக்காதீங்க காக்கா. வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல்ல ஒரு அறிவித்தல் குடுப்பம். வாசல்ல துண்டப் புடிச்சா ஊர்ச் சனம் காசு போடும்.”

“எத்தினையோ பேருக்கு நானே அந்தத் துண்டப் புடிச்சிரிக்கன். என்ட பேரச் சொல்லி ஒருத்தனும் புடிக்கத் தேவல்ல.”

“அப்ப வாங்கிறவன் பாவமில்லையா?”

“ஒட்டுறதுதான் உன்ட வேல.”

சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

காருக்கு ஆள் பார்க்கச் சொல்லியிருந்த தரகர் ஜவுபர், நாலாம் நாள் ஒருவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார். பாலமுனை ஸைனுலாப்தீன் ஹாஜியார். நெல் வியாபாரி. ஒரு நெல்மணியைக் கடித்தே ஈரத்தைச் சொல்லிவிடுவார். மூட்டைக்கு மூட்டை நிறையில் கழிப்பார் என்று அவரைத் திட்டாத விவசாயி இந்தப் பக்கத்தில் இல்லை.

ஹாஜியார் கதவைத் திறந்து பார்த்தார். எஞ்சினை முடுக்கிக் கேட்டார். கறுப்புக் கூரையை ஒரு தரம் உள்ளங்கையால் தடவினார்.

“அழகுக்குத்தான் ஒட்டினது ஹாஜியார்” என்றேன், அவர் கேட்காமலே.

“ஓம், வடிவாத்தான் இரிக்கி.”

விலையைச் சொன்னேன். சரி என்றார்.

ஜவுபருக்கு வாய் பிளந்துவிட்டது. “என்ன ஹாஜியார், இண்டைக்குக் காய்ச்சலா? பேரமே பேசல்ல!”

“வாய மூடிட்டு எழுத்து வேலயப் பாரு” என்றார் ஹாஜியார்.

நெல் தெரிந்த மனுசனுக்கு இரும்பு தெரியவில்லை என்று நினைத்தேன். ஊரையே ஏய்த்தவர்தானே, இவரை ஏய்த்தால் என்ன என்றும் நினைத்தேன். அப்படி நினைத்தால்தான் பணத்துக்குக் கையை நீட்ட முடிந்தது.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் றஹீமா கட்டிலில் கிடந்தபடி கேட்டாள்.

“கறள் இரிக்கிற விசயத்தச் சொல்லித்தானே வித்தீங்க?”

“ஓம்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று கண்களை மூடிக்கொண்டாள்.

பிழைத்து வீடு வந்தாள். ஆனால் அவள் சீராக மூச்சு விடுவதைக் கேட்கும்போதெல்லாம், இது யாரை ஏமாற்றி வாங்கிய மூச்சு என்று ஒரு கேள்வி வரும். பள்ளிவாசலில் தொழுகை வரிசையில், ஸஃப்பில், தோளோடு தோள் ஒட்டி நின்று தொழக் கூசியது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும் போல இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஸப்ரியின் கடையைத் தாண்டும்போது அந்தக் கார் அங்கே நிற்பதைக் கண்டேன். ஸ்டிக்கரை உரித்துப் போட்டிருந்தார்கள். கூரை முழுக்கக் கறள்.

திரும்பி நடக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. உள்ளே போனேன்.

“தம்பி, ஹாஜியாருக்குத் தெரிஞ்சிட்டா?”

“ஓம் காக்கா.”

“என்ன சொன்னார்? ஏசினாரா? நான் இப்பவே போய்க் காலில விழுந்தாவது மாப்புக் கேட்கிறன்.”

ஸப்ரி கூரையைச் சுரண்டுவதை நிறுத்தினான்.

“அவருக்குத் தெரிஞ்சது இண்டைக்கில்ல காக்கா. நீங்க சாவிய வெச்சிட்டுப் போன அண்டு பின்னேரமே, ஜவுபர் காக்கா சொன்ன எண்டு காரப் பார்க்க இஞ்ச வந்தவர். நான் அப்ப ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கவே இல்ல. கறளக் கண்டுட்டு, ஏன் பெயின்ட் அடிக்கல்ல எண்டு கேட்டார்.”

“நீ என்ன சொன்ன?”

“உள்ளதச் சொன்னன். றஹீமா ராத்தாட இதய வருத்தத்தச் சொன்னன். பள்ளிவாசல்ல அறிவிக்க நீங்க விடாததையும் சொன்னன்.”

அங்கே கிடந்த பழைய டயரில் உட்கார்ந்தேன்.

“கறள விரலால தட்டிப் பார்த்தார் காக்கா. புறகு சொன்னார்: ‘ஒரு சுருக்கமும் தெரியாம வடிவா ஒட்டு தம்பி. அந்த மனுசன் என்னை ஏமாத்தினதா நினைச்சிட்டுப் போகட்டும், என்னட்டத் தர்மம் வாங்கினதா நினைக்க வேணாம்.’”